காற்றை எண்ணியவள்

ஒரு வேளைக் காற்றுக்கு அரை டின் அரிசி. டின் என்றால் கெட்டிப்பால் டின். அரை என்றால் விரலால் தடவிச் சமன் செய்த அரை, குவியல் கிடையாது. மலாயாவில், சுங்கை காடுட்டுக்கு மேற்கே ஐந்தாவது மைலில் இருந்த தோட்டத்தில் 1943ஆம் வருஷம் வைகாசி மாதம் நிலவிய விலை அது. வெள்ளைக்காரன் இருந்தவரை ரப்பர் பாலுக்கு விலை இருந்தது, ரப்பர் ஷீட்டுக்கு விலை இருந்தது, முறிந்து விழும் விறகுக்குக்கூட மேஸ்திரி மண்டோர் ஒரு விலை வைத்திருந்தான். காற்றை மட்டும் யாரும் கேட்டதில்லை. ஜப்பான்காரன் வந்த பிறகு பாலை வாங்க ஆள் இல்லாமல் போய், காற்றை வாங்க ஆள் வந்தது. ராக்கம்மா இதற்காக ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. வாங்குகிறவன் கிறுக்கனா என்று விற்கிறவளுக்கு எதற்கு? டின் நிறைகிறதா என்று பார்த்தால் போதும்.

அந்த அரிசியும் மேல்வரும்படிதான். அசல் சம்பளம் ஒரு மஞ்சள் துணிப்பட்டை. அதைக் கையில் கட்டியவனைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள். ரயில் பாதை போடும் வேலை, மூன்றே மாதம், தினம் ஒரு வெள்ளி என்று சொல்லிச் சித்திரையில் முதல் லாரி வந்தது. இருபத்திரண்டு பேர் ஏறிப் போனார்கள். ஒருவரிடமிருந்தும் ஒரு துண்டுக் காகிதம் வரவில்லை. அதன் பிறகு கூலிகள் குடியிருந்த லயத்தில் லாரிச் சத்தம் கேட்டால் ஆண்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வயிற்றுக்கு வந்துவிடும். கக்கூஸ் வரிசை காலியாக இருக்காது.

காற்றுக்கு விலை சொன்னவர் ஹிராத்தா என்ற ஜப்பான்காரர். பட்டாளத்துக்காரர் இல்லை, கத்தி கிடையாது, தடித்த மூக்குக்கண்ணாடி மட்டும் உண்டு. ஏதோ விவசாய ஆராய்ச்சி என்றார்கள். பருத்தி போடப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு, ஆகாயத்திலிருந்து புகை போட இடம் பார்க்கிறார்கள் என்று இன்னொரு பேச்சு. பால்வெட்டு நின்றுபோன பதினாறாம் நம்பர் மலையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, நிபோங் என்ற காட்டுப் பனைத் தண்டுகளைக் கம்பியால் கட்டி எண்பது அடிக்கு ஒரு கோபுரம் எழுப்பினார். மர உச்சிகளைத் தாண்டி அது தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. ஐந்தடியில் தொடங்கி உச்சிவரை ஐந்து இடத்தில் புறாக்கூண்டு மாதிரி வெள்ளைப் பெட்டிகள். பெட்டிக்கு ஒரு உஷ்ணக் குழாய். மூன்று இடத்தில் காற்றுச் சக்கரம். அது மரத்தில் பால் பிடிக்கும் மங்கு மாதிரி நான்கு கிண்ணங்களைக் குறுக்குக் கம்பியில் மாட்டிச் சுழலவிட்ட சாமான். ஒரு கிண்ணத்துக்குச் சிவப்புச் சாயம். ஐந்து நிமிஷத்தில் சிவப்பு எத்தனை தரம் வருகிறது என்று எண்ண வேண்டும். காலையில் ஒரு வேளை, உச்சிப் பொழுதில் ஒரு வேளை. தரையிலிருந்து மரத்துக்கு மேலேவரை சூடும் காற்றும் எப்படி மாறிக்கொண்டு போகிறது என்பதுதான் அவருக்கு வேண்டிய சரக்கு. லயத்தில் அவருக்குக் காற்றுத் துரை என்று பெயர் வைத்தார்கள்.

தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி சிவசிதம்பரம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று ஆள் கேட்டார். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டத்துக்கு மிஞ்சியிருந்த ஒரே அதிகாரம், யாழ்ப்பாணத்துக்காரரான அவர்தான்.

"மரம் ஏறத் தெரிஞ்ச ஆக்கள் ஆர்? இலக்கம் வாசிக்கவும் தெரியவேணும்."

"நான் ஏறுவேங்கய்யா" என்று சன்னாசி முன்னால் வந்தான். "ஊருல நாளைக்கு முப்பது தென்னை ஏறுன ஆளு."

ராக்கம்மா தரையைப் பார்த்துக்கொண்டாள். ஊரில் முப்பது தென்னை ஏறிய அவள் புருஷன், ஊரை விட்டுக் கப்பல் ஏறியபோது வயது நாலு. இலக்கம் தெரியும் என்பது மட்டும் நிஜம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவன்.

மறுநாள் விடியலில் கோபுரத்தின் ஐந்தாவது படியில் சன்னாசி கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். கண் இறுக மூடியிருந்தது.

"எறங்குங்க."

"எறங்கத் தெரிஞ்சா ஏன்டி இங்க நிக்கிறேன்?"

அவள் ஒவ்வொரு காலாகப் பிடித்துப் படியில் வைத்து அவனை இறக்கினாள். ஆட்டுக்குத் தழை ஒடிக்க எந்த மரத்திலும் ஏறுகிறவள் அவள். மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"சட்டையக் கழட்டுங்க. கால்சட்டையும்."

"எதுக்கு?"

"காத்துத் துரை பங்களாவுல இருந்து தொலைநோக்கி வச்சுப் பாப்பாரு. பொடவை ஏறுனா கண்டுபிடிச்சிருவாருல்ல."

அப்படித்தான் சன்னாசியின் காக்கிச் சட்டையும் தலைத்துண்டும் மஞ்சள் பட்டையும் தினம் இரண்டு வேளை எண்பது அடிக்கு ஏறின. சன்னாசி ஒரு வேட்டியோடு கீழே உட்கார்ந்தான். அவனிடம் துரை கொடுத்த அலாரம் கடிகாரம், நோட்டுப்புத்தகம், ஒரு காலி பிஸ்கட் டின். காற்று எண்ணத் தொடங்கச் சொல்லி டின்னில் ஒரு தட்டு. ஐந்து நிமிஷம் ஆனதும் இன்னொரு தட்டு. கடிகாரத்தில் ஓடியது டோக்கியோ நேரம். எட்டு மணிக்குத்தான் விடியும்; அதற்கும் பழகிப்போயிருந்தார்கள்.

காற்றை எண்ணுவது அவளுக்குச் சுலபம். நூறு நூறாக எண்ணி, நூறுக்கு ஒரு ரப்பர் கொட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாள். உஷ்ணக் குழாய்தான் இடக்குச் செய்தது. முடி மாதிரி கோடுகளும், எறும்பு மாதிரி இலக்கங்களும். சன்னாசி இரண்டு நாள் மண்ணில் எழுதிக் காட்டினான். ஆறு தலைகீழாகி ஒன்பதானதும் அவள் எழுந்துவிட்டாள்.

"எனக்கு இந்த வம்பே வேணாம். வாளிப்பால எப்படி அளக்குறாங்க? குச்சிய வுட்டு. இதுவும் அப்படித்தான்."

தென்னந்துடைப்பத்திலிருந்து ஐந்து ஈர்க்கு உருவிக்கொண்டாள். பெட்டியைத் திறந்து, குழாயின் அடிக்குமிழில் ஈர்க்கை ஊன்றி, பாதரசம் நிற்கும் இடத்தில் நகத்தால் கிள்ளுவாள். கிள்ளிய ஈர்க்குகளைக் கீழிருந்து மேலாக வரிசைப்படி தலைத்துண்டில் செருகிக்கொள்வாள். இறங்கி வந்ததும் சன்னாசி அவற்றை ஒவ்வொன்றாகத் தரையோரப் பெட்டியின் குழாயில் வைத்துப் பார்த்து இலக்கத்தைப் படித்து எழுதுவான். குழாய் எல்லாம் ஒரே கடைச் சரக்கு, ஒரே நீளம், ஒரே முத்திரை. அளவு ஒன்றென்றால் சூடும் ஒன்றுதானே?

கிராணி வாரம் ஒருமுறை நோட்டைப் பார்ப்பார். முதல் வாரமே புருவத்தைச் சுருக்கினார்.

"என்ன இது, சன்னாசி? இலைக்குள்ள காத்து அம்பது சுத்து, கீழ வெறும் மரத்துக்கிடையில எழுபதோ? மேல போகப் போகக் காத்துக் கூடுறதுதானே நியாயம். ஜப்பான்காரன் சிரிப்பான். நடுவில எழுபது, கீழ அம்பது எண்டு மாத்தி எழுது."

சன்னாசி பென்சிலை எடுத்துவிட்டான். ராக்கம்மா, கிராணி முன்னால் அதிகம் பேசாதவள், அன்று பேசினாள்.

"மாத்தாதீங்கய்யா. கொசுவுக்குப் புகை போட்டா மர நெரை நடுவுல அது ஓடும், எலைக்குள்ள போனா நின்னுபோவும். பதினஞ்சு வருசமாப் பாக்குறேன்."

"இவளுக்கு எப்படித் தெரியும்?" என்று கிராணி சன்னாசியைக் கேட்டார்.

"அவ சும்மா கூட வருவாங்கய்யா. தொணைக்கு."

பத்து நாள் கழித்து ஹிராத்தா வந்தபோது அந்த எழுபதுக்கும் ஐம்பதுக்கும் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, "பாகுஸ்" என்று இரண்டு தரம் சொன்னார். நல்லது என்கிற மலாய் வார்த்தை. கிராணி அதன் பிறகு நோட்டைத் திருத்தச் சொல்லவில்லை.

அறுபத்திரண்டு நாள் இப்படிப் போனது. ஆடியில் ஒரு மத்தியானம் ஹிராத்தா சொல்லாமல் கொள்ளாமல் சைக்கிளில் வந்து இறங்கினார். நோட்டைக் கோபுரத்தடியில் விரித்து வைத்துக் குந்தினார். மூன்றாம் பெட்டி எப்போதும் இரண்டு பாகை கூட. உச்சிப் பெட்டி எப்போதும் ஒன்றரைப் பாகை குறைவு. "பாகி சாமா. தெங்ஙா ஹாரி சாமா" என்றார். காலையிலும் அதே, மத்தியானமும் அதே. காற்று அப்படி நடந்துகொள்ளாது என்பது அவர் கட்சி. பிறகு கண்ணாடியைக் கயிற்றால் காதோடு கட்டிக்கொண்டு தானே ஏறி, இலக்கங்களைக் குறித்துக்கொண்டு, ஐந்து குழாயையும் கழற்றிக்கொண்டு வந்து ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தினார்.

ஓரமாக மரவள்ளிக் கூடையோடு நின்ற ராக்கம்மா எட்டிப் பார்த்தாள். ஹிராத்தா சன்னாசியைப் படிக்கச் சொன்னார். ஐந்திலும் இருபத்தாறு என்றான். ஆனால் பாதரசம் ஐந்திலும் ஐந்து உயரத்தில் நின்றது. உள்ளே ஓடும் துளை ஒன்றில் மெல்லிசு, ஒன்றில் தடிப்பு. கோடுகளை அந்தந்தக் குழாய்க்குத் தக்கபடி போட்டிருக்கிறான் செய்தவன். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அடி தட்டிக் குழியாக்கிய வாளியில் குச்சி பொய் சொல்லும் என்று கங்காணியோடு பதினைந்து வருஷம் சண்டை போட்டவள் அவள். கண்ணாடிக்குள்ளும் வாளிக்கு வாளி வித்தியாசம் இருக்கும் என்று தனக்குத் தோன்றாமல் போனதே என்று முதலில் வெட்கம்தான் வந்தது. பயம் அதற்குப் பின்னால் வந்தது.

ஹிராத்தா சட்டைப்பையிலிருந்து ஒரு ஈர்க்கை எடுத்தார். மூன்றாம் பெட்டிக்குள் விழுந்து கிடந்தது; நுனியில் நகத் தடம். சன்னாசியிடம் நீட்டினார். இது என்ன?

சன்னாசி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆளனுப்பி வரவழைத்த கிராணிக்குக் கழுத்துப் பட்டி நனைந்துவிட்டது.

"என்னுதுங்க" என்றாள் ராக்கம்மா.

ஹிராத்தா அவளை ஏறிக் காட்டச் சொன்னார். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினாள். குழாய்களை அதனதன் பெட்டியில் மாட்டி, ஐந்து ஈர்க்கைக் கிள்ளி எடுத்து வந்தாள். ஹிராத்தா அவற்றைத் தரைக் குழாயில் வைத்து எழுதினார், தான் மேலே பார்த்து வந்த இலக்கத்தை அதன் பக்கத்தில் எழுதினார், நோட்டைப் புரட்டினார், ஒரு தரம், பல் தெரியாமல், சிரித்தார். பிறகு கிராணியிடம் விரைவாகப் பேசினார்.

"மனுசன் சந்தோஷப்படுறான்" என்றார் கிராணி, தானே நம்பாதவர் போல. "பிழை எப்பவும் ஒரே அளவெண்டால் கழிச்சுப்போடலாமாம். நோட்டு முழுக்கத் திருத்தலாமாம். ஒண்டு மட்டும் கேக்கிறான். ஏறாமல் எழுதின வேளை ஏதும் உண்டோ?"

"இல்லவே இல்லீங்கய்யா" என்றான் சன்னாசி.

ராக்கம்மா யோசித்தாள். மூட்டையில் நாலு அழுகல் இருந்தால் வாங்குகிறவன் நாலை மட்டும் திருப்பமாட்டான். இந்த ஆளோ ஒன்றரைப் பாகையை மோப்பம் பிடித்து வந்தவன்.

"பதினொன்னு" என்றாள். சன்னாசி அவள் முழங்கையைக் கிள்ளினான். "இடி விழுந்த வேளைங்க. இரும்புக் கம்பியப் புடிச்சுக்கிட்டு எவ ஏறுவா? அப்பல்லாம் இவரு மனசுல இருந்து எழுதுனாரு."

கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சன்னாசியின் மனசில் சூடு கீழிருந்து மேலே ஒழுங்காகப் படியேறியது: இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. ஹிராத்தா அடிமட்டத்தை வைத்துப் பதினொரு வரிகளை அடித்தார். வேளைக் கணக்கில் மொத்தம் நூற்று இருபத்து நாலு, தள்ளுபடி பதினொன்று, மிச்சம் நூற்றுப் பதின்மூன்று. மிச்சத்தைப் பார்த்துத் தலையாட்டினார். சயாமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் ஆளை அடித்துக் கேட்கிற கேள்விக்கு இந்த மனிதர் அடிமட்டத்தால் பதில் வாங்கிக்கொள்கிறார் என்று ராக்கம்மாவுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

நிம்மதி நோட்டின் முதல் பக்கத்துக்கு வரும்வரைதான். அங்கே அளப்பவர் பெயர் என்ற இடத்தில் சன்னாசி என்று இருந்தது. ஹிராத்தா அதையும் அடித்தார். அவள் பெயரைக் கேட்டு மெதுவாக எழுதினார். நேர்மையான ஆள், அளந்தது யாரோ அவர் பெயர்தான் நிற்க வேண்டும். பிறகு சன்னாசியின் கையிலிருந்த மஞ்சள் பட்டையை அவிழ்த்து, இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து, ராக்கம்மாவிடம் நீட்டினார். இத்தனை மரியாதையோடு ஒருவரும் அவளுக்கு எதையும் கொடுத்ததில்லை. இத்தனை பெரிய நஷ்டத்தையும் கொடுத்ததில்லை.

அவள் பட்டையை வாங்கவில்லை.

"கிராணி ஐயா, நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. எனக்கு நம்பர் தெரியாது. அவருக்கு ஏறத் தெரியாது. ரெண்டு பேருஞ் சேந்தாத்தான் ஒரு ஆளுங்க. ஒரு ஆளுக்கு ஒரு பட்டைதான்னா, பாதியாக் கிழிச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

"அப்படியே சொன்னால் என்ர பல்லுத் தெறிக்கும்" என்றார் கிராணி. ஆனாலும் சொன்னார்.

ஹிராத்தா கையிலிருந்த பட்டையையும் கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "தூவா ஓராங்" என்றார் கடைசியில். இரண்டு பேர். ஆனால் பட்டைக்கு முத்திரை குத்துவது அவர் கை இல்லை, சிரம்பான் அலுவலகம். இரண்டாவது பட்டைக்கு எழுதிப் போடுவதாகவும், எட்டு நாளில் பதில் வரும் என்றும் சொன்னார். குழாய்க்குக் குழாய் எத்தனை கூட்ட, எத்தனை கழிக்க என்று ஒரு அட்டையில் எழுதிச் சன்னாசியிடம் கொடுத்து, இருக்கிற பட்டையை ராக்கம்மாவின் கூடையில் வைத்துவிட்டு, சைக்கிளில் ஏறிப் போனார்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கிராணி லயத்துக்கு வந்தார். லயத்துப் பக்கம் நடந்து வரும் வழக்கமே அவருக்குக் கிடையாது.

"நாளைக் காலமை லொறி வருது. பத்துப் பேர் கேட்டிருக்கிறாங்கள். ஒன்பது எழுதிப்போட்டன்."

"பத்தாவது?" என்றாள் ராக்கம்மா.

கிராணி உள்ளே சன்னாசி மரவள்ளிக்கிழங்கு உரிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். "பட்டை இல்லாத ஆளை நான் எப்படி மறைக்கிறது? குறைஞ்சால் பத்தாவது பேர் என்ர பேராம். பட்டாளத்தான் முகத்துக்கு நேர சொல்லிப்போட்டான்."

"துரை எழுதிப் போட்டிருக்காருல்ல. மூணு நாளு பொறுக்கமாட்டாங்களா?"

"அதுதான் நானும் யோசிச்சனான். ஒரு வழி இருக்கு. நாளைக்கு எட்டு மணி அளவை விடாமல் எடுங்கோ. சன்னாசி கடிகாரத்தோட கீழ இருக்கட்டும். நோட்டில அவன்ர கையெழுத்து, நீ மேல. நான் பட்டாளத்தானை அங்க கூட்டிக்கொண்டு வந்து, இது துரையின்ர வேலை, நடுவில நிப்பாட்டினால் நீதான் பதில் சொல்லவேணும் எண்டு காட்டுறன். வேலை நடக்கிறதை அவன் கண்ணால பாக்கவேணும். ஒரு வரி வெறுமையாய்க் கிடந்தால் என்னத்தைக் காட்டுறது?" கொஞ்சம் தூரம் போய்த் திரும்பினார். "அவன் போகாட்டி அந்த இடத்துக்கு ஆர் எண்டு மட்டும் என்னைக் கேக்காதை."

அவள் கேட்கவில்லை.

காட்டுக்குள் ஓடிவிடலாமா என்று சன்னாசி கேட்டான். ஓடினால் நோட்டு நிற்கும், நோட்டு நின்றால் துரையின் கடிதம் செல்லாது என்றாள். அவன் பாயை விரித்துப் படுத்துக்கொண்டான். விடிவதற்கு முன்னாலேயே கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, பென்சிலை இரண்டு பக்கமும் சீவி வைத்துவிட்டான்.

காலையில் மரவள்ளிக் காட்டின்மேல் பனி சமமாகப் பரவிக் கிடந்தது. ராக்கம்மா சட்டைக்கு மேல் பட்டையைக் கட்டிக்கொண்டு ஏறினாள். கீழ்ச் சக்கரம் அறுபத்திரண்டு, இலைக்குள் நாற்பத்தைந்து. இரண்டு தரமும் டின் சத்தம் சரியாக வந்தது. எண்ணிக்கையைக் குனிந்து சொன்னாள். "எழுதியாச்சு" என்று பதில் வந்தது. நாலு ஈர்க்கு தலைத்துண்டில் ஏறியது. உச்சிக்கு வந்து ஐந்தாவதைக் கிள்ளும்போது லாரி தெரிந்தது. செம்மண் ரோட்டில், பழைய பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில், மோட்டாரை நிறுத்தாமல் நின்றது. பின்தட்டில் தலைகள். எண்ணினாள். ஒன்பது. லயத்து நல்லசாமியின் சிவப்புத் தலைப்பாகை ஓரத்தில் இருந்தது. கிராணியின் வெள்ளைச் சட்டையும் அதற்குப் பின்னால் ஒரு பட்டாளத் தொப்பியும் ரோட்டை விட்டுப் பதினாறாம் நம்பருக்குள் நுழைந்தன. இலை மூடிக்கொண்டது. அவளுக்குக் கீழே பச்சை மட்டும்தான். சன்னாசி இருக்கும் இடமும் அந்தப் பச்சைக்கு அடியில்.

டின் ஒரு தரம் ஒலித்தது. எண்ணத் தொடங்கினாள்.

காலை வேளையில் உச்சிச் சக்கரம் நூற்றைம்பதுக்கும் நூற்றுத் தொண்ணூறுக்கும் நடுவில் நிற்கும். நூறு ஆனது, ஒரு கொட்டையைப் பையில் போட்டாள். கீழே ஏதோ பேச்சு மாதிரி கேட்டது, மலாய்ப் பேச்சா ஜப்பான் பேச்சா தெரியவில்லை. நூற்றைம்பது. கூப்பிட்டுப் பார்க்கலாம். கூப்பிட்டால் எண்ணிக்கை தவறும்; தவறினால் வரி வெறுமை. நூற்றெண்பது. சிவப்புக் கிண்ணம் வந்து வந்து போனது. நூற்றுத் தொண்ணூற்றைந்து. இருநூறுக்கு இன்னொரு கொட்டை. மழைக்கு முந்தி ஒரு நாள் இருநூற்று முப்பதுவரை போயிருக்கிறது, அதுதான் இதுவரை அதிகம். இன்று காற்று பலமா? இலைகளைப் பார்த்தாள். அசைகின்றன, ஆனால் கோபுரமும் அசைகிறது, அவளும் அதோடு அசைகிறாள், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. காற்று கூடியிருந்தால் ஐந்து நிமிஷம் இன்னும் ஆகவில்லை. கூடவில்லையென்றால் ஐந்து நிமிஷம் எப்போதோ ஆகிவிட்டது, தட்டத்தான் ஆள் இல்லை. கீழே இப்போது பேச்சும் கேட்கவில்லை. ரோட்டில் லாரி அதே இடத்தில் புகை விட்டுக்கொண்டு நின்றது.

லாரியில் ஒன்பது. கேட்டது பத்து. சுற்று இருநூற்று முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று.